பெரட்டுக்கு வந்த 142857

கணக்கு வாத்தியார் வேலையில் பெரிய தொல்லை, தெரியாததையும் தெரிந்த முகத்தோடு சொல்லவேண்டியிருப்பதுதான். கரும்பலகை முன் வேர்த்து நின்றவர்களுக்கு இது புரியும். இந்த எண்ணின் கதைகூட என்னுடையது அல்ல. கல்லூரியில் கூடப் படித்தவன் சொல்லிக் கேட்டது.

முதல் எச்சரிக்கை

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான். பதுளையில் கடைக்காரர்களுக்கும் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர்களுக்கும் சாயந்தரக் கணக்கு வகுப்பு எடுக்க என்னை வைத்திருந்தார்கள். வட்டிக் கணக்கைத் தொடங்கியதும் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. தலைமையாசிரியர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இந்த மாசமும் ஆள் நிக்கலைன்னா வகுப்பை மூடிடுவேன், தம்பி. உங்க வேலையும் அதோட சரி."

ஆள் அதே ஆள்

மறுநாள் பயத்தில் 142857 என்று பலகையில் எழுதினேன். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. அதே இலக்கங்கள், அதே வரிசையில், சுற்றிச் சுற்றி வந்தன. ஆறு வரை இப்படித்தான் என்று நண்பன் சொல்லியிருந்தான். அதுவரை நானும் போட்டுப் பார்த்திருந்தேன். அதற்கு மேல் போகத் துணியவில்லை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கிளாக்கருக்குத் தினமும் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுக்கிற வேலை. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பெரட்டு மாதிரியேதாங்க மாஸ்டர். ஆள் அதே ஆள், முன்னால நின்னவன் பின்னால போயிட்டான், அவ்வளவுதான்."

ஓடிப்போனவர்கள்

பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த முத்தையா பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. பெருக்கலில் நான் ஏதோ கைவேலை காட்டுகிறேனாம். அதே எண்ணை ஆறு தடவை கூட்டிக் காட்டச் சொன்னார். அவர் எண்ணிக்கை சொல்ல, கிளாக்கர் பலகையில் எழுதிக் கூட்டினார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியரும் உள்ளே வந்தார்.

விடை 999999. பழைய இலக்கம் ஒன்றுகூட அதில் இல்லை. பிள்ளை தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆளுங்க பூரா ஓடிட்டாங்களே மாஸ்டர்! கங்காணியக் கூப்பிடுங்க!"

லாபம்

பலகையில் எழுதியிருந்ததை எண்ணிப் பார்த்தேன். ஏழு இருந்தது. அரிசி அளக்கும்போது முதல் படியை யாரும் 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளையும் பழக்கத்தில் லாபம், ரெண்டு, மூணு என்றே எண்ணியிருக்கிறார். கிளாக்கர் மிஷன் விடுதியில் வளர்ந்தவர், அரிசி அளந்தே அறியாதவர்.

"லாபம்னதுக்கு எழுதினது சாமிக்குன்னு நெனச்சேங்க. மிச்சம் அஞ்சுதானே இருந்துச்சு, நம்ம கணக்கு ஆறு ஆகணுமேன்னு கடைசியில ஒண்ணு சேத்துட்டேன்" என்றார்.

வகுப்பே சிரித்தது. வீட்டுக்குப் போக எழுந்தவர்கள்கூட மறுபடி உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப எட்டுக்கு ஓடினவங்க திரும்பி வருவாங்களா, தம்பி? நாளைக்குப் போடுங்க, நானும் வாரேன்."

அறைக்குப் போனதும் எட்டால் பெருக்கிப் பார்த்தேன்: 1142856, முன்னால் தனியாக நிற்கும் ஒன்றைக் மீதி ஆறு இலக்க எண்ணோடு கூட்டினால் 142857, ஓடினவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள், கூடவே என் வேலையும்.