பொம்பளைக் கோட்டு

போர் முடிந்த மூன்றாம் வருஷம் எங்கள் தையல் ஆலை முதலாளி ஒரு நினைவு மலர் போட்டார். வழவழப்பான தாள். முதல் பக்கத்திலேயே அவர் படம். கீழே, ‘நாட்டைக் காத்த வீரர்களுக்கு மழைக்கோட்டு தந்த வள்ளல்’ என்று எழுதியிருந்தது. தந்தாராம்! அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு பொத்தான் தைத்திருந்தால் நான் மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

அறுபது பக்கத்தைப் புரட்டினேன். காஜாக்கா பெயர் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

கோட்டில் பொத்தான் நுழையும் துளைக்குத் தையல்காரர்கள் வைத்த பெயர் காஜா. அதைப் போடுகிற மெஷினில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் என்பதால் அவள் காஜாக்கா. குள்ளமான உருவம். வாய் மட்டும் நீளம். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஆறே மாதத்தில் திரும்பி வந்து தம்பியை வளர்த்தாள். அந்தத் தம்பியைத்தான் பட்டாளம் கூட்டிக்கொண்டு போனது. வீட்டில் மிச்சம் இருந்தது அவளும், தம்பி பெண்டாட்டியும், இரண்டு பிள்ளைகளும். நாலு வயிற்றுக்கும் அவளுடைய ரேஷன் கார்டு ஒன்றுதான். போர்க்கால வேலைக்கான கார்டு அது. அதை ஆலை கொடுக்கும். வேண்டாதபோது பிடுங்கிக்கொள்ளவும் ஆலையால் முடியும்.

விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல்களை மறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மாடியில் முதலாளி அறையும் கோட்டுத் துண்டுகளை இணைக்கிற பகுதியும். அங்கே கனத்த திரை போட்டார்கள். கீழே எங்களுக்குத் திரை தண்டச்செலவாம். கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு பெயின்ட் அடித்துவிட்டார்கள். மாடியில் விடிந்தால் திரையை விலக்கிக்கொள்ளலாம். பெயின்டை விலக்க முடியுமா? விமானம் வந்தது ராத்திரியில், நாங்கள் இருட்டில் கிடந்தது பகலில். மின்சாரச் சிக்கனம் என்று பல்பிலும் பாதியைக் கழற்றினார்கள்.

அதோடு விட்டார்களா? மழைக்கோட்டுத் துணிக்கு ஒரு பக்கம்தான் மெழுகுப் பூச்சு. அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். அதனால் துணி வெட்டுகிற மேசையில் ஒரு பெண் நின்று, ஒவ்வொரு துண்டுக்கும் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பாள். அவளுக்கு அது மட்டும்தான் வேலை. “கோடு கிழிக்க ஒரு ஆளா?” என்று கேட்டு முதலாளி அவளை மூட்டை கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்.

அந்தச் சாக்பீஸ் கோட்டின் அருமை அவருக்குத் தெரியாது. முன்பக்கத் துண்டு இரண்டு, இடது ஒன்று வலது ஒன்று. திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும். மெழுகுப் பக்கம் எது என்று தெரிந்தால்தான் இடது எது என்று தெரியும். ஆண்கள் கோட்டுக்கு இடது துண்டில் காஜா வர வேண்டும். வலதில் வெட்டினால் அது பெண்கள் கோட்டு. வெட்டின துளையை எந்தக் கொம்பனாலும் மூட முடியாது.

கோடு போன பிறகு காஜாக்கா கட்டைவிரலை நம்பினாள். துணியை ஒரு தடவு தடவுவாள். மெழுகு விரலில் ஒட்டும். இரண்டு மாதம் ஒரு துண்டு தப்பவில்லை. பிறகு முதலாளியின் மச்சான் மில்லிலிருந்து புதுத் துணி வந்தது. அதைத் தடவிவிட்டு அவள் விரலைப் பார்த்தாள்.

“ஏன்டி, என் விரல் மரத்துப்போச்சா, இல்ல துணியே மொட்டையா?”

“உனக்கு வயசாயிடுச்சுக்கா,” என்றாள் பக்கத்து மெஷின்காரி.

“உன் வாய்க்கு ஒரு காஜா போடணும்டி. போட்டுப் பொத்தானையும் மாட்டிடணும்.”

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். “பேச்சைக் குறைச்சு வேலையைப் பாரு,” என்றான். இருட்டில் குத்துமதிப்பாகப் பார்த்தாள். மாடியில் வெளிச்சம் இருந்ததால் அங்கே இணைப்பவர்களுக்குத் துணியின் ஒரு பக்கம் லேசாகப் பளபளத்தது தெரிந்தது. அவர்கள் பளபளப்பை வெளியே வைத்து இணைத்துக்கொண்டே போனார்கள். காஜா எந்தப் பக்கம் என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. சரியாக விழுந்த கோட்டெல்லாம் போர்முனைக்குப் போனது, இருநூற்று நாற்பது கோட்டு மட்டும் பொம்பளைக் கோட்டாக இறங்கியது.

பட்டாளத்து அதிகாரி வந்து ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கை பொத்தானைத் தேடி எங்கெங்கோ போனது. அவ்வளவுதான், ‘நாசவேலை’ என்று எழுதிவிட்டார்கள். அன்றே காஜாக்காவின் கார்டைப் பிடுங்கி மேசைக்குள் பூட்டினார்கள்.

நான் அப்போது சங்கச் செயலாளர். போர் முடியும்வரை வேலைநிறுத்தம் கிடையாது என்று சங்கத்தில் மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எங்கள் வாயைத் தைத்துவைத்திருந்தார்கள். அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு எரியவில்லை. சின்னப் பிள்ளை காலி டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தது.

“என் கவனக்குறைவுதான்னு எழுதிக் கேப்பாங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. கார்டு வந்துடும்,” என்றேன்.

“என்ன செயலாளரே, சங்கத்துக்குச் சந்தா கட்டினது இதைக் கேக்கத்தானா?”

“பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க பாக்க வேண்டிய முகம் வேற.”

எனக்கு அது செருப்படிதான். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை முதலாளி அறையில் விசாரணை. திரை விலக்கிய ஜன்னல், நல்ல வெயில். மேசை மேல் குற்றக் கோட்டு. அதன் ஓரத்துக்கு அடியில் டைப் அடித்த மன்னிப்புக் கடிதம். பக்கத்தில் அவள் கார்டும் பேனாவும். அதிகாரி, முதலாளி, அவள், நான்.

“யார் சொல்லி இதைச் செஞ்சே?” என்றார் அதிகாரி.

“இருட்டு சொல்லிச்சு சார்.”

“திமிரா?”

“இல்ல சார், சந்தேகம். பதினோரு வருஷமா மெழுகைத் தடவின விரல் இது. இந்தத் துணியில அது கிடைக்கல. ஏன்?”

முதலாளி குறுக்கே விழுந்தார். “கையெழுத்துப் போட வந்தியா, கதை பேச வந்தியா?”

அதிகாரிக்கு வைத்திருந்த தண்ணீர்க் குவளையை அவள் எடுத்தாள். குடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கோட்டின் மேல் கவிழ்த்தாள். மெழுகுத் துணி என்றால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். ஓடவில்லை. துணி குடித்துவிட்டது. கோட்டைத் தூக்கினாள். கீழே இருந்த மன்னிப்புக் கடிதம் ஊறிப்போய் மை வழிந்தது.

“பளபளப்புக்கு எண்ணெயைத் தடவிட்டு மெழுகுக்குக் கணக்குக் காட்டியிருக்காங்க சார். இதைப் போட்டுக்கிட்டு என் தம்பி அங்க மழையில நிக்கிறான்.”

அதிகாரி துணியைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? “துணி விவகாரம் வேற. அதை நாங்க பேசிக்குவோம். நீ கையெழுத்தைப் போடு. கார்டை எடுத்துக்கோ. துணியைப் பத்தி வெளிய மூச்சு விடாதே.” முதலாளி புதுத் தாளுக்கு மணி அடித்தார்.

கார்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். குள்ளத்துக்கு அது கணுக்கால் வரை வந்தது.

“எங்கே போறே? அது அரசாங்கச் சொத்து!” என்றார் அதிகாரி.

“பொம்பளைக் கோட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? பொம்பளை போட்டுக்கிட்டா என்ன?”

கார்டு மேசையிலேயே கிடந்தது. அவள் இறங்கிப் போனாள். வாசல் காவலாளி கோட்டைப் பார்த்த பழக்கத்தில் சல்யூட் அடித்துவிட்டான்.

நேராக ரேஷன் கடை வரிசைக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். முந்நூறு பேருக்குக் குறையாது. பாதிக்கு மேல் பிள்ளையையோ புருஷனையோ போருக்கு அனுப்பியவர்கள். தெருக்குழாயில் வாளி பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் முதுகைக் காட்டி நின்றாள்.

“இந்தத் தண்ணியை என் மேல ஊத்தும்மா.”

“உனக்குப் பைத்தியமா?”

“ஊத்து, சொல்றேன்.”

ஊற்றினாள். காஜாக்கா பொத்தானைக் கழற்றி உள்ளே இருந்த சேலை முந்தானையைப் பிழிந்து காட்டினாள். தண்ணீர் கொட்டியது. “இதான் உங்க பிள்ளைங்களுக்குப் போற மழைக்கோட்டு,” என்றாள். கூடுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வருஷம் மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். இப்படி ஒரு கூட்டம் எனக்கு வாய்த்ததில்லை.

வரிசையில் நின்ற ஒரு தாய் அந்தத் துணியைக் கையில் பிடித்துக் கசக்கினாள். “என் பையன் நெஞ்சுச் சளின்னு எழுதியிருந்தான்,” என்றாள். வரிசை கலைந்தது. ரேஷன் வரிசை அப்படிக் கலைந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஆலை வாசலில் வாளியும் கையுமாகப் பெண்கள் நின்றார்கள். வெளியே வந்த ஒவ்வொரு வண்டியையும் மறித்து, ஒரு கோட்டை உருவித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். நாங்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை, ஒப்பந்தம் அப்படியே இருந்தது. வண்டிதான் நகரவில்லை. இரண்டு நாளும் காஜாக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது. மெஷின்காரிகள் ஆளுக்கு ஒரு பிடி கொண்டுபோய்ப் போட்டார்கள். மூன்றாம் நாள் ஆலைப் பியூன் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கடிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மச்சான் மில் துணி நின்றது. சாக்பீஸ்காரி மேசைக்குத் திரும்பினாள்.

யாராவது ஜெயிலுக்குப் போனார்களா என்று கேட்காதீர்கள். வயிறு எரியும். அதிகாரிக்குப் பதவி உயர்வு. முதலாளிக்கு மலர்.

தம்பி திரும்பி வந்தான், இருமிக்கொண்டே வந்தான். கோட்டு எங்கேடா என்று அக்கா கேட்டாள். “நனைஞ்சு கனத்துப்போச்சுக்கா. ஓட முடியல. கழட்டி எறிஞ்சிட்டேன்,” என்றான்.

மலரின் முதல் பக்கத்தை அவளிடம் காட்டினேன். படத்தை அவள் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தாளை ஒரு தடவு தடவினாள்.

“இதுக்கு மட்டும் நல்லாப் பூசியிருக்கான்,” என்றாள்.