புனிதனின் நெற்றி

பனி இறங்கினால் நெற்றியில் ஓர் அறை. வளைவில் சுற்றுலாப் பேருந்து நின்றுவிட்டால் இன்னோர் அறை. புனிதன் தன் நெற்றியைத் தானே உள்ளங்கையால் அறைந்துகொண்டுதான் லாரி ஓட்டுவார். சும்மா தட்டல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்குக் கண் மூடித் திறக்கும்.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி அவருடையது. பறித்துக் கட்டிய கொழுந்து மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிவிடும், தூள் கெட்டுவிடும். அதனால் மனிதர் நின்று தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு, உறிஞ்சியபடியே வண்டியைத் திருப்புவார். மூட்டை ஏற்றக் கூடப் போகும் நான் கதவைச் சாத்துவதற்குள் லாரி நகர்ந்துவிடும்.

"ஏறுங்கண்ணே, சீக்கிரம் லா! கொழுந்து வேவுது!"

லயத்து வீடுகளில் அவர் நெற்றி எல்லாருக்கும் வேடிக்கை. நானும் சிரித்தவன்தான். சாமிக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், சாவு வீட்டில் மாரில் அடித்துக்கொள்கிறோம். தன்னை அடித்துக்கொள்வதை யார் இங்கே விநோதமாகப் பார்க்கிறார்கள்?

மகள் ரூபினிக்கு ஐந்து வயது, பேச்சு அதிகம் வராது. தோட்டத்துப் பிள்ளையார் கோயிலில் மணி அடிக்கும்போதெல்லாம் இரண்டு முட்டியாலும் நெற்றியில் குட்டிக்கொள்வாள். "சாமி புள்ள!" என்று பெண்கள் திருஷ்டி கழித்தார்கள். புனிதனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவளை மணிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவார். பாவம், அந்த மணிதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்திருக்கிறது. பிறகு வீட்டில் மிக்ஸி ஓடினாலும் குட்டிக்கொண்டாள். பாலர் பள்ளியில் பிள்ளைகள் கூச்சலிட்ட ஒரு நாள் நெற்றி வீங்கும்வரை குட்டிக்கொண்டாள். இது நின்றால்தான் மறுபடி சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கிளினிக்கில் நர்ஸ், மிஸி விக்னேஸ்வரிதான் விஷயத்தை உடைத்துச் சொன்னவர். "கையப் புடிச்சி இழுக்காதீங்கண்ணே, அதட்டாதீங்க. அவளுக்குச் சத்தம் தாங்கல, அதச் சொல்ல வாயும் வரல. அதான் அடிச்சிக்கிறா. நடுவுல உங்க கைய வைங்க, சத்தமில்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க." பெரிய டாக்டருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் கேட்டாராம்: "சரி, நீங்க எதுக்கு அடிச்சிக்கிறீங்க?"

"என்னா சொன்னீங்க?" என்று லாரியில் புனிதனைக் கேட்டேன்.

"என்னாத்த சொல்றது? மண்டைக்குள்ள எல்லாம் ஒண்ணா கத்துதுண்ணே. அடிச்சா ஒரு செகண்டு கப்சிப். அப்புறம் வெக்கமா போயிடும்." ஒரு வளைவை ஒடித்துத் திருப்பினார். "எம்புள்ளைக்கு நான்தான் கத்துக் குடுத்துட்டேனோ?"

அப்படியில்லை என்றுதான் மிஸி சொல்லியிருக்கிறார். மனிதர் நம்பவில்லை. மகள் நெற்றிக்கு முன்னால் கை வைத்து வைத்து அவர் புறங்கை கன்றிப்போயிருந்தது. ஆனால் தன் நெற்றியை மட்டும் அவரால் விட முடியவில்லை.

போன சனிக்கிழமை ரூபினி எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தாள், காதில் தடித்த காதுமூடியோடு. அம்மா மலையில் கொழுந்து பறிக்கிறாள். வீட்டில் வேறு ஆளில்லை. ரிங்லெட் தாண்டி ஒரே நெரிசல். ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் அசையவில்லை. புனிதன் ஸ்டியரிங்கைப் பிசைந்தார், தலையை வெளியே நீட்டினார், இழுத்துக்கொண்டார், பின்னால் மூட்டைகளைப் பார்த்தார்.

"அலமாக்! இன்னிக்கி கொழுந்து நிறுக்குற கிராணி என்னெ உரிச்சிருவாரு!"

தன் நெற்றிக்குக் கையை ஓங்கினார். ரூபினி இருக்கையில் முழங்காலிட்டு எக்கி, தன் உள்ளங்கையை அப்பாவின் நெற்றியில் அப்பி வைத்தாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. முன்னால் கார்கள் நகர ஆரம்பித்துவிட்டன. "போலாம்ணே" என்றேன். புனிதன் தலையை அசைக்கவில்லை. அசைத்தால் அந்தக் கை விழுந்துவிடும். லாரியை மெல்ல ஓரங்கட்டி, என்ஜினை அணைத்தார்.