தங்கைக்காக மாட்டிய பேரிங்

பிள்ளைகளே, சாலவாக்கத்து அத்தை நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டீர்கள். அதை எழுதி வைக்கிறேன்.

அப்போது நான் உத்திரமேரூரில் ஒரு முதலாளியின் வாடகைக் கார் ஓட்டினேன். பழைய கார். அந்தத் தை மாதம் எஞ்சினுக்குள் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தது. மேடு ஏறினால் இன்னும் பலமாகத் தட்டும். பிஸ்டனைக் கிராங்கு என்ற சுழல்தண்டோடு சேர்க்கும் ராடின் அடியில் இருக்கிற பேரிங் தேய்ந்துவிட்டது. முதலாளி வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட நினைத்தார். எனக்கோ அந்த வாரம் தங்கை கல்யாணம். அவள்தான் உங்கள் அத்தை. எங்கள் தெருவிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் காரில் ஏறிப் புருஷன் வீட்டுக்குப் போனதில்லை. நான் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"பேரிங் வாங்கித் தரேன், நீயே மாட்டு. ஓடுச்சின்னா கல்யாணத்துக்கு எடுத்துக்கினு போ. ஓடலன்னா தராசுலதான் ஏத்தணும்," என்றார் முதலாளி.

வண்டியை எங்கள் வாசலுக்குக் கயிறு கட்டி இழுத்து வந்து, முன் சக்கரங்களைக் கருங்கல்மேல் ஏற்றி நிறுத்தி, அடியிலுள்ள ஆயில் தட்டைக் கழற்றினேன். நாலு ராடு. ஒவ்வொன்றின் அடியிலும் கிராங்கைச் சுற்றிப் பிடிக்க ஒரு மூடி. எந்த ராடில் இருந்ததோ அதிலேயே அந்த மூடியைத் திரும்ப மாட்ட வேண்டும். மாறினால் கிராங்கு இறுகிப்போகும். அந்த எஞ்சினில் நம்பரெல்லாம் அழிந்திருந்தது. அதனால் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து, முதல் மூடிக்கு ஒரு பொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு என்று அடையாளம் வைத்து, நாலையும் கழற்றித் திண்ணையில் அடுக்கிவிட்டு, பேரிங் வாங்கக் காஞ்சிபுரம் போனேன்.

திரும்பி வந்தால் நாலு மூடியும் பளபளவென்று இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சள், அதன்மேல் ஒரே ஒரு குங்குமப் பொட்டு. பக்கத்தில் உரலும் உலக்கையும் அதே அலங்காரத்தில்.

"இன்னாமே பண்ணி வெச்சிக்கீற?" என்றேன் உங்கள் அம்மாவிடம்.

"கல்யாண வூட்ல உரலுக்கு வெக்கிறோம், ஒலக்கைக்கு வெக்கிறோம். பொண்ணு ஏறிப் போற வண்டிக்கு வெக்காம உடுவாங்களா? எவனோ தாறுமாறா பொட்டு வெச்சிருந்தான். தொடச்சிட்டு நல்லதா வெச்சேன்."

"அந்த எவனோ நான்தான்."

தங்கை எட்டிப் பார்த்தாள். "பரவால்லணா, மாட்டு வண்டியே கட்டச் சொல்லு," என்று சிரித்தபடிதான் சொன்னாள். சொன்னதும் உள்ளே போய்விட்டாள்.

தலையில் கை வைத்து உட்கார்ந்தவனுக்குப் பிறகுதான் உறைத்தது. ராடையும் மூடியையும் சேர்த்து வைத்துத்தான் பட்டறையில் கடைசல் பிடிப்பார்கள். சரியான ஜோடி என்றால் சேருமிடத்தில் மேடு பள்ளம் இருக்காது. ஜோடி மாறியிருந்தால், அங்கே நகத்தால் இழுக்கும்போது தட்டும். என் நகங்களோ ஸ்பானர் பிடித்தே தேய்ந்திருந்தன.

"நீதான தொடச்ச, வா," என்றேன். உங்கள் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கில் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். தெருவே கூடிவிட்டது.

"இன்னாடி, குடித்தனம் வண்டிக்கு அடியிலயா?" என்றாள் எதிர்வீட்டுப் பெரியம்மா.

"வாடகை கம்மி பெரியம்மா," என்று அடியிலிருந்தே பதில் போயிற்று.

நான் மூடியைப் பொருத்திப் பிடிப்பேன். அவள் கட்டைவிரல் நகத்தால் இழுப்பாள்.

"தட்டுது."

வேறொன்றை வைப்பேன்.

"தட்டுது மாமா. அடுத்தத குடு. இது வெண்ண மாதிரி போவுது."

அப்படியே நாலும் தன் ஜோடியைச் சேர்ந்தன. பாதி வளையல் போலிருக்கும் புதுப் பேரிங்குகளைத் துடைத்து வைத்து, ஆயில் தடவி, மூடிகளை முறுக்கினேன். ஒவ்வொன்றை முறுக்கியதும் முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். எதுவும் இறுகவில்லை.

ஆயில் தட்டை மாட்டி, புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் தையல் மெஷின் போல ஓடியது. தட்டல் போயே போய்விட்டது. தங்கை ஓடி வந்து பானெட்டில் காதை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை.

கல்யாணம் முடிந்து மாலையும் கழுத்துமாக அவளையும் மாப்பிள்ளையையும், துணைக்கு உங்கள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கரை மேட்டில் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினேன். ஒரு சத்தமில்லை. நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சாலவாக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தி சுற்றிவிட்டு, குங்குமக் கிண்ணத்தோடு வண்டியின் முன்பக்கம் வந்தார்கள். உங்கள் அம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"மேல மட்டும் வெய்யிங்க சம்பந்தியம்மா. உள்ள நான் வெச்சாச்சி."