நீக்கியதைக் கேட்கும் பொத்தான்

1999 ஆகஸ்ட் 14. இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகம் கிடையாது. விடிந்ததும் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, துவைத்த வேட்டியை மாடிக் கொடியில் காயப்போட்டு, இட்லி சாப்பிட்டு, சைக்கிளுக்குக் காற்றடித்தேன். பத்து மணிக்குப் பேட்டையில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை எங்கள் மூவர் கூட்டம் அங்கேதான் நடக்கும்.

மூவரில் ஒருவர் என் மனைவியின் தம்பி, பாலிடெக்னிக்கில் கணினி சொல்லிக்கொடுப்பவர். ஒலிப்பதிவுகளை வெட்டவும் ஒட்டவும் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நிரலைத் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று அதை இணையத்தில் வைத்திருந்தார். அதனால் முகம் தெரியாதவர்களெல்லாம் மின்னஞ்சலில் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்பார்கள். ஜங்ஷன் பிரவுசிங் சென்டரில் அவற்றை அச்செடுத்து, ஒரே விஷயத்தைக் கேட்பவற்றை ஒன்றாக அடுக்கிக் கூட்டத்துக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. புதிய பதிப்பு வந்தால் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்துக் கைப்புத்தகம் எழுதுவேன். மூன்றாமவர் பேட்டையில் மைக் செட் கடையும் அதன் பின்னறையில் ஒலிப்பதிவும் நடத்திய அண்ணாச்சி. எங்களுக்குத் தெரிந்து அந்த மென்பொருளைப் பிழைப்புக்குப் பயன்படுத்திய ஒரே மனிதர் அவர்தான்.

ஒரு பதிப்புக்கு ஒரு புதிய வசதி என்பது எங்கள் ஏற்பாடு. மைத்துனருக்கு அவ்வளவுதான் நேரம் இருந்தது. போன மாதம் இரைச்சல் நீக்கும் வசதியைச் சேர்த்திருந்தோம். பதிவில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு பகுதியைக் காட்டினால், மென்பொருள் அதைப் படித்துக்கொண்டு, பாட்டு முழுவதிலிருந்தும் அந்த ஓசையைக் கழித்துவிடும். இந்த மாதம் எது என்பதுதான் அன்றைய பேச்சு. மின்னஞ்சல்காரர்களில் பலர், செய்த மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப்பெறும் வசதியைக் கேட்டிருந்தார்கள். அப்போது கடைசியாகச் செய்த ஒன்றை மட்டுமே திரும்பப்பெற முடியும். அண்ணாச்சிக்கு வேண்டியது எதிரொலி.

"எக்கோ போடும்வே. எவனோ வெளிநாட்டுக்காரன் கேக்குததெல்லாம் செய்யுதீரு, பக்கத்துல கிடந்து நான் கத்துதது உம்ம காதுல விழல. கோயில் கொடை அறிவிப்புன்னா சாமி பேரு மலையில மோதித் திரும்பி வந்த மாதிரி கேக்கணும்."

"உம்ம எக்கோவைக் கேட்டா சாமியே மலையேறிரும் அண்ணாச்சி" என்றார் மைத்துனர்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஒரு பெண் உள்ளே வந்தார். சேரன்மகாதேவிப் பக்கம் வில்லுப்பாட்டுக் குழு நடத்துகிறவர். வானொலியில் பாடுவதற்கான தேர்வுக்கு அவர் ஒரு கேசட் கொடுக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். தேர்வானால், கொடை இல்லாத மாதங்களிலும் குழுவுக்கு வேலை உண்டு. அந்தக் கேசட்டை அண்ணாச்சிதான் பதிந்து கொடுத்திருந்தார். அது இப்போது அந்த அம்மாள் கையில் இருந்தது.

"ஏ தம்பி, என் வில்லு எங்கலே?"

"என்ன வில்லு? உக்காருங்கக்கா" என்றார் அண்ணாச்சி.

"பாட்டு இருக்கு, குடம் இருக்கு, மணியக் காணோம். நான் என்ன கதாகாலட்சேபமா பண்ணுதேன்?"

போட்டுக் கேட்டோம். குரல் அவ்வளவு தெளிவு. ஆனால் வீசுகோல் வில்லின் நாணில் விழுந்த இடமெல்லாம், ஈரத்துணியை உதறியது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. நடந்தது புரிய எங்களுக்கு நேரம் ஆகவில்லை. பாட்டு தொடங்குமுன் இருந்த பகுதியை வெறும் இரைச்சல் என்று அண்ணாச்சி மென்பொருளுக்குக் காட்டியிருக்கிறார். அப்போது வில்லைக் குடத்தின்மேல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வில்லில் கட்டிய மணிகள் மெல்லச் சிணுங்கியபடி இருந்திருக்கின்றன. மென்பொருள் அந்த மணியோசையையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

"முதல்ல பதிஞ்ச கேசட் இருக்குமே?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி மேலே சுற்றிய விசிறியைப் பார்த்தார். "நாளைக்குக் கொடியேத்து. எல்லாப் பள்ளிக்கூடமும் பாட்டு கேட்டுச்சு. கேசட் பத்தல சார். அதுமேலயே தேசபக்திப் பாட்டப் பதிஞ்சிட்டேன்."

கணினியிலும் இல்லை. டிஸ்கில் இடம் போதாமல், திருத்தியதைப் பழைய பெயரிலேயே சேமித்திருந்தார்.

"சரி, எடுத்த மணிய எங்கன போட்டிய? அதையாவது குடுங்க, துண்டுல முடிஞ்சு கொண்டுபோறேன்" என்றார் அந்த அம்மாள்.

"எங்கனயும் போடலக்கா. கழிச்சது கழிச்சதுதான்" என்றார் மைத்துனர், மெதுவாக.

அந்தப் பதில் என்னை உறுத்தியது. போன மாதம் அந்த வசதியைச் சோதித்தது நான். என் குரலைப் பதிந்து, பொத்தானை அழுத்தி, இரைச்சல் போய்விட்டதா என்று கேட்டேன். போயிருந்தது. சரி என்று குறித்துக்கொண்டேன். அண்ணாச்சியும் அதையேதான் செய்திருப்பார். மிஞ்சியதை மட்டும் கேட்டால், இல்லாமல் போனது காதுக்குத் தெரியாது. தப்பு நடந்ததே தெரியாதவருக்கு, எத்தனை படி திரும்பிப் போக வழி வைத்தாலும் என்ன பயன்?

"நீக்குறதுக்கு முன்னாடி, நீக்கப்போறதை மட்டும் போட்டுக் காட்ட முடியுமா?" என்று மைத்துனரைக் கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "முடியும் அத்தான். அந்தக் கணக்கு ஏற்கெனவே உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வெளிய விடணும், அவ்வளவுதான். ஆனா ஒருத்தரும் இதைக் கேக்கலையே."

உண்மைதான். நான் அடுக்கி வைத்திருந்த மின்னஞ்சல்கள் எதிலும் அது இல்லை. கேட்டவர்களை விட்டுவிட்டுக் கேட்காத ஒன்றைச் சேர்ப்பது முறையா என்று எனக்கே தயக்கமாக இருந்தது. அண்ணாச்சிதான் அதை முடித்துவைத்தார்.

"போடும்வே. அப்பவே கேட்டிருந்தா மணின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா. எக்கோவப் பைய பாத்துக்கிடலாம்."

"நீங்க பொத்தான் வச்சுக்கிடுங்க. என் திங்கக்கிழமைக்கு என்ன வழி?" என்றார் அந்த அம்மாள்.

மறுபடி பதிவதைத் தவிர வழியில்லை. ஆனால் அன்றைக்கே குழுவைத் திரட்ட முடியாது, மறுநாளோ மைக்குகள் எல்லாம் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் குழுவைக் கூட்டி வருவதாக அவர் சொன்னார். காசு வாங்க மாட்டேன் என்றார் அண்ணாச்சி. "வாங்கித்தான் பாருமே!" என்றார் அந்த அம்மாள். இந்த முறை எதையும் நீக்காமல், இரைச்சலோடேயே வானொலிக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வேனில் வந்து இறங்கினார்கள். உள்ளே வரப்போனவர்களை வாசலிலேயே நிறுத்தி, வில்லை வேனிலேயே வைக்கச் சொன்னேன். மைத்துனருக்குப் புதிய பொத்தானைச் சோதித்துப் பார்க்க வெறும் இரைச்சல் வேண்டும். விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, நாங்கள் மூவரும் மூச்சடக்கி நின்று, முதல் வேலையாக அந்தக் காலி அறையை ஒரு நிமிடம் பதிந்தோம்.