சரிபார்த்தவர் என்ற கட்டம்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு காகிதச் சுருள் கிடக்கிறது. விரித்தால் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வரும். பூந்தமல்லியில் தொடங்கி பம்பாய் வரை போகிற பழைய டிரங்க் ரோடு அதில் இருக்கிறது. வாலாஜா, ஆம்பூர், கிருஷ்ணகிரி, தும்கூர், சித்ரதுர்கா, ஹாவேரி, ஹூப்ளி, பெல்காம் என்று ஊர் ஊராக. வலது கீழ் மூலையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘வரைந்தவர்’ என்றிருக்கும், மற்றதில் ‘சரிபார்த்தவர்’. இரண்டாவது கட்டத்தில் மட்டும் காகிதம் பிளேடால் சுரண்டப்பட்டு நைந்துபோயிருக்கிறது. சுரண்டியது நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியின் டிராயிங் பிரிவில் எனக்கு வேலை. அடுத்தவன் வரைந்ததில் தப்புக் கண்டுபிடித்தே முப்பது வருஷமாகச் சோறு தின்கிறேன். வரைகிறவன் பக்கத்து மேஜைக்காரன். அவனை நான் மச்சான் என்பேன், அவன் என்னை மாமே என்பான், உறவெல்லாம் கிடையாது. அவனுக்கு வீடு கள்ளிக்குப்பம், எனக்கு நெமிலிச்சேரி. எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வரைந்தவனே சரிபார்க்கக் கூடாது. என் கையெழுத்து விழாத தாளை வைத்து ஒரு துளைகூடப் போடக் கூடாது. மச்சானுக்கு இதெல்லாம் வெறும் சடங்கு. ஒருமுறை நான் லீவில் இருந்தபோது என் கையெழுத்தை அவனே போட்டு அனுப்பிவிட்டான். நாற்பது தகடு பழைய இரும்புக்குப் போயிற்று. “இன்னா மாமே, நீ இருந்தாலும் போட்டுத்தானே இருப்பே?” என்று சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும்.

அந்த ரோடு எனக்கு ஏன் வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா அதில் லாரி ஓட்டியவர். எனக்கு ஒன்பது வயதில், பம்பாய்க்குச் சரக்கு ஏற்றிப் போனவர் ஹாவேரி தாண்டி ஒரு சிற்றூரில் மாரடைப்பில் இறந்துபோனார். உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கிருந்த மாதா கோயில்காரர்களே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். எங்களுக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடப் போன டிரைவர் பிறகு ஒரு கடிதம் எழுதினார்: கோயில் வாசலுக்கு இடப்பக்கம், மூன்றாவது வரிசை, வேப்பமரத்தடி. எங்கள் வழக்கத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். பிள்ளைதான் முதலில். நான் போடவில்லை. வருஷா வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுவத்தியுமாகத் தோட்டத்துக்குப் போகும். அம்மாவும் நானும் யாரோ ஒருவருடைய கல்லறை ஓரத்தில் ஒரு வத்தியைக் கொளுத்திவிட்டுத் திரும்புவோம். அந்த அசிங்கம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

இதை ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். மச்சான் டிபன் டப்பாவை மூடிவிட்டு, “உடு மாமே, நம்ம வண்டியில போறோம். உங்க நைனா போன ரோட்லயே போறோம். நீ மண்ணு போடறே, நான் பக்கத்துல நிக்கறேன்” என்றான். கண் கலங்கிவிட்டது எனக்கு. அன்றைக்கே காகிதத்தை எடுத்தான். மாதக்கணக்கில் அவன் வரைந்தான், நான் கடிதத்தையும் பழைய வரைபடங்களையும் வைத்துத் தூரம் சரிபார்த்துச் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டேன். ஹாவேரிக்கு அப்பால் ஒரு சின்னச் சிலுவையை மட்டும் நானே வரைந்தேன். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் மட்டும் போய்வந்த பிறகுதான் என் கையெழுத்து என்று பேச்சு.

போக முடியவில்லை. ஒரு வருஷம் மகளின் பரீட்சை, மறு வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். தள்ளிப்போட்டவன் நான்தான், மறுக்கவில்லை. போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேரும் லீவு எழுதிக் கொடுத்தோம். அக்டோபரில் மச்சான் வந்து, வண்டி என்ஜின் வேலைக்குப் போயிருக்கிறது, இந்த வருஷமும் ஆகாது என்றான். மறுவாரம் மாமியார் ஊரில் விசேஷம் என்று லீவு போட்டான். நம்பினேன். அவன் மேஜையில் தேங்கிய வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை போனில் ஒரு படம் வந்தது. வேப்பமரம். கீழே அப்பாவின் பெயர் பொறித்த சிமெண்டுச் சிலுவை, அதன்மேல் சாமந்தி மாலை. பக்கத்தில் மச்சான், அவன் தம்பி, தம்பியின் கூட்டாளிகள் மூன்று பேர், கூலிங் கிளாஸோடு. கூடவே அவன் குரல்: “மாமே, உங்க நைனாவப் பாத்துட்டேன். உன் பேரச் சொல்லி ஒரு பிடி மண்ணும் போட்டுட்டேன். இனிமே நிம்மதியா இரு.”

என் பேரைச் சொல்லி! என் அப்பாவுக்கு! நாற்பது வருஷமாக என் கைக்குள் இருந்த மண்ணை அவன் போட்டுவிட்டான். வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன், திரும்பத் திரும்பக் கழுவினேன்.

அவன் ஊரிலிருந்து திரும்பி வந்ததும் கேட்டேன். “வண்டியில அஞ்சு பேருக்குத்தான் எடம், கூட்டாளிங்க வந்தே ஆவணும்னு தம்பி புடிவாதம். நீ வந்தா அழுதுகினே வருவே, பசங்களுக்கு ஜாலி கெட்டுடும். உன் வேலையத்தான முடிச்சிட்டு வந்துகீறேன், இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கிவச்சிகினு கீறே?” என்றான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பதுதான் கொடுமை. வழி பார்க்க எடுத்துப் போயிருந்த சுருளைத் திருப்பிக் கொடுத்தான். விரித்துப் பார்த்தேன். ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் என் கையெழுத்து, மை பேனாவில், அவன் கையால். பழையபடி.

கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் படத்தைக் காட்டி, வா, நாம் ரயிலிலாவது போய்விடுவோம் என்றேன். அம்மா போனை வாங்கி அந்தச் சிலுவையைத் தடவினாள், முத்தம் கொடுத்தாள், வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா இருக்கட்டும் அந்தப் புள்ள. உன் பேரச் சொல்லித்தான போட்டுகீறான்? அப்புறம் இன்னாடா? எனக்கு முட்டி ஒத்துக்காது. போதும், அவரு அடங்கிட்டாரு” என்றாள். அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டாள். படத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள். மச்சானும் கூலிங் கிளாஸும் சேர்ந்தே எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறார்கள்.

மச்சான் இன்றும் பக்கத்து மேஜைதான். அவன் வரைந்து தருகிற தாள்களை ஒவ்வொரு கோடாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன், சம்பளம் அதற்குத்தான். மாமே என்கிறான். என்ன சார் என்கிறேன். சுருளை மட்டும் எப்போதாவது விரிப்பேன். அவன் போட்ட கையெழுத்து அழிப்பானுக்கு அழியவில்லை என்றுதான் பிளேடு வைத்துச் சுரண்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறது. அதன்மேல் இனி நான் பேனா வைத்தாலும் காகிதம் கிழிந்துவிடும்.