இருபத்தாறாவது பிள்ளைக்கும் இடம்

அரசாங்கத்துக்குச் சின்னப் பிள்ளைகள் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. பொங்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பாசம் இலங்கையின் பன்னல ஊரில் ஸ்ரீயாலதாவின் வாசலுக்கு வந்தபோது அளவுநாடாவும் கையுமாக வந்தது.

ஸ்ரீயாலதா ஒரு காலத்தில் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவள். கண் மங்கியதும் வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்கூடத்தில் பிள்ளைக் காப்பகம் தொடங்கினாள். அதே தொழிற்சாலைப் பெண்கள்தான் விடிந்ததும் விடியாததுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் சோறும் பருப்பும், பிறகு ஒரு தூக்கம். பாட்டும் சண்டையும் நாள் முழுக்க.

புதுச் சட்டம் வந்தது. பதிவு செய்யாத காப்பகத்தை மூடிவிடுவார்களாம். பதிந்துகொண்டால் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவை மாகாணமே தருமாம். ஸ்ரீயாலதா ஓட ஆரம்பித்தாள். சுகாதாரப் பரிசோதகர் கிராம சேவகரின் கடிதத்தைக் கொண்டு வா என்றார். கிராம சேவகர் பரிசோதகரின் கடிதம் இல்லாமல் வராதே என்றார். இரண்டு பேரும் ஒரே கடையில் தேநீர் குடிக்கிற ஆட்கள், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் குறைந்தா போவார்கள்! கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டச் சொன்னார்கள், கட்டினாள். சின்னக் கக்கூஸ் வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். இந்த வயதில் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்து களிமண் யானை செய்து சான்றிதழும் வாங்கினாள்.

இடிக்கிற இடம் ஒன்றுதான். ஒரு பிள்ளைக்கு இத்தனை சதுர அடி என்று கணக்கு. அவள் கூடம் இருபது பிள்ளைக்குத்தான் காணும். அவளிடம் இருந்ததோ இருபத்தாறு.

"ஆறு பேரை நிப்பாட்டினா சரி தானே," என்றான் அவள் புருஷன் பியதிலக. தேங்காய் ஆலையில் இரவுக் காவல்காரன். பகலெல்லாம் உள்ளறையில் கட்டிலே கதியென்று கிடப்பான்.

"எந்த ஆறு பேரை?"

"அத என்கிட்ட கேட்டா? நான் தூங்குற மனுசன்."

அவளால் எப்படி நிறுத்த முடியும்? முன்பொரு முறை இமேஷா என்ற தொழிற்சாலைப் பெண் தன் குழந்தையோடு வந்து நின்றபோது, இடமில்லை என்று திருப்பி அனுப்பினாள். இமேஷா என்ன செய்வாள், மகளை வாடகை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் அந்தக் குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. பூட்டை உடைத்துத் தூக்கிவந்தது ஸ்ரீயாலதாதான். அன்றோடு 'இடமில்லை' என்ற சொல் அவள் வாயில் வரமாட்டேன் என்கிறது.

பரிசோதனைக்கு நாள் குறித்துச் சொல்லியனுப்பினார்கள். அன்று காலை அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவின தரையையே திரும்பக் கழுவினாள். யார் யார் கண்ணில் படக்கூடாது என்று மனசுக்குள் பொறுக்கி எடுத்து, ஆறு பேரை வேலிப் பொத்தல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே மில்டன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், டொபி மிட்டாய்ப் போத்தலோடு உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் வரப்படாது, மில்டன் அண்ணே."

"நீ பயப்படாத தங்கச்சி. எத்தன பஸ்ஸ அடக்கினவன் நான்! இந்த ஆறு வால் எம்மாத்திரம்?"

மாகாணக் காரியாலயத்திலிருந்து நெலும் மிஸ் வந்தாள். முப்பது வயதிருக்கும், சேலை மடிப்புக் கலையாத பெண். கூடத்தை அளந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். கஞ்சியை ஒரு வாய் குடித்து, "கொஞ்சம் உப்புக் குறைங்க, அக்கா," என்றாள். பிள்ளைகளை எண்ணினாள். எல்லாம் சரி. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவள், நேரமாகிவிட்டது, ஜீப்பில் வைத்துப் போட்டுத் தருகிறேன் என்று எழுந்தாள்.

அங்கேதான் வினை. பெரியவர்கள் யார் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும், முழங்காலிட்டு அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். ஸ்ரீயாலதா நாள் தவறாமல் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. கும்பிடாமல் ஏமாற்றினால் மறுநாள் ஊஞ்சல் கிடையாது என்று வேறு வைத்திருந்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்று, "போயிட்டு வாங்க மிஸ்!" என்று கத்தின.

அந்தச் சத்தம் வேலிக்கு அப்பால் கேட்காமலா இருக்கும்?

"மிஸ்ஸுக்கு நேரமாச்சு, விடுங்க விடுங்க," என்று ஸ்ரீயாலதா பதறினாள். நெலும் மிஸ் சிரித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டாள். இருபதாவது பிள்ளை எழுந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று மண்டியிட்டது, முட்டியில் வேலி மண்ணோடு. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியாக இமேஷாவின் மகள் சனுகி, வாயில் டொபி ஒழுக, பயபக்தியோடு குனிந்தாள்.

மில்டன் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். "பிடிச்சுப் பாத்தேன் தங்கச்சி, ஊஞ்சல் போயிருமாம், நிக்க மாட்டேன்னுதுகள்!"

நெலும் மிஸ் பேனாவை மூடினாள். "அக்கா, நான் உங்கள நம்பினேன்."

ஸ்ரீயாலதாவுக்கு மானம் போயிற்று.

"இருபதுக்குத்தான் தர முடியும். இந்த ஆறு பேரும் திங்கக்கிழமை வரப்படாது. பேரைச் சொல்லுங்க, எழுதணும்."

"எப்பிடி மிஸ் சொல்றது? எல்லாம் பிள்ளைங்க தானே?"

"காலையில பொறுக்கினீங்க தானே? அப்ப எப்பிடிப் பொறுக்கினீங்க?"

மிஸ் கெட்ட மனசோடு கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி ஸ்ரீயாலதாவின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆறும் வாடகை அறைப் பிள்ளைகள். அப்பன் வந்து சண்டை பிடிக்காத, சொந்தம் என்று கேட்க ஊரில் ஒரு நாதியில்லாத பிள்ளைகள். யோசிக்காமலே கை அவர்களைத்தான் தொட்டிருக்கிறது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று அவளுக்கு அவள் மேலேயே அருவருப்பு வந்தது.

"பேர் சொல்ல மாட்டேன் மிஸ்."

"அப்ப பதிவு இல்ல. மூடத்தான் வேணும். அப்ப இருபத்தாறு பேரும் தெருவுல. யோசிச்சுப் பேசுங்க."

ஸ்ரீயாலதா யோசிக்கவில்லை. உள்ளறைக் கதவைத் தடாரென்று திறந்தாள். "இத அளங்க."

"அது ஆள் படுக்குற அறை. கட்டில் இருந்தா கணக்குல வராது."

"ஏங்க, எழும்புங்க!"

பியதிலக கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தான். வாசலில் சேலை கட்டிய அதிகாரி, அவள் பின்னால் தெருவே நிறைந்தாற்போல் பிள்ளைகள். "என்ன, பொலிஸா?"

"கட்டில வெளிய போடணும். இனி இது பிள்ளைங்க அறை."

"உனக்கென்ன பைத்தியமா? ராவெல்லாம் முழிச்ச உடம்பு. நான் எங்க படுக்குறது?"

"எனக்குத் தெரியாது," என்ற ஸ்ரீயாலதா அழுதுவிட்டாள். "நான் பண்ணினது பாவங்க. இதுகள வேலிக்குள்ளால தள்ளிவிட்டேன்."

பியதிலக அவளைப் பார்த்தான். சனுகியைப் பார்த்தான். அவள் டொபியை வாயிலிருந்து எடுத்து, அவன் முறைப்பதைப் பார்த்துப் பயந்து, அவனிடமே நீட்டினாள். அவன் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலின் ஒரு தலைப்பைத் தூக்கினான். மறு தலைப்பை மில்டன் பிடித்தார். நிலைப்படியில் இடித்து, சுண்ணாம்பு உதிர்ந்து, கட்டில் வெளி விறாந்தைக்கு வந்தது.

நெலும் மிஸ் அறையை அளந்தாள். ஆறு பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். "நான் சொல்லாமலும் வருவேன்," என்றாள். "கட்டில் திரும்ப உள்ள இருந்தா பதிவ ரத்துப் பண்ணிருவேன்."

"வாங்க," என்றான் பியதிலக. தெருவில் போகிறவர்கள் பார்க்க, பட்டப்பகல் வெயிலில், அந்தக் கட்டிலிலேயே மல்லாந்து படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டான். போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"மிஸ், எனக்கு எத்தன அடின்னு உங்க சட்டத்துல எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல அண்ணே."

"அப்ப எழுதுங்க, பிள்ளைங்க இருபத்தாறுன்னு."