பிடிமண் கொண்டுவந்தவரின் பெயரை அம்மா சொன்ன நாள்

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானதும் அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: மரியாதையாக எழுது, காலேஜில் பேசுவதுபோல் வாய்க்கு வந்ததை எழுதாதே. மரியாதையில் குறை வைக்க மாட்டேன். ஆனால் அம்மாவை அடக்க ஒடுக்கமானவர் என்று எழுதச் சொன்னால், அது என்னால் முடியாது. அது பொய்.

அம்மா பிறந்தது மலைமேல், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில். பெற்றோர் இருவரும் கொழுந்து பறித்தவர்கள். ஆறாம் வகுப்பிலேயே பாளையங்கோட்டைக்கு வந்து விடுதியில் தங்கிப் படித்தார். தமிழ் படித்து, அதே ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, ஏரல் பக்கத்து எங்கள் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார்.

அம்மாவிடம் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆண்டின் முதல் வகுப்பில் பாடம் நடக்காது. பாட்டெழுதிய பெண்கள், படை நடத்திய ராணிகள், கோயிலுக்கு விளக்கெரிக்க நிலம் கொடுத்த பெண்கள் என்று கரும்பலகை நிறையப் பெயர்கள் எழுதுவார். எல்லோரும் உரக்கப் படிக்க வேண்டும். பழைய பாட்டுகளில் சிலவற்றுக்குப் பாடியவரின் பெயரே தொலைந்துபோய், பாட்டில் வரும் ஒரு சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பெண்களோ யாருக்குத் தெரியும் என்பார். பிறகு வீட்டுப்பாடம் கொடுப்பார்: உங்கள் குடும்பத்தில் உங்களுக்குத் தெரிந்த மிக மூத்த பெண்ணின் பெயரை எழுதி வாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் நானும் அந்த வகுப்பில்தான் இருந்தேன். "பிடிமண் ஆத்தா" என்று எழுதிக் கொடுத்தேன். சொந்த மகள் என்றும் பாராமல் பூஜ்யம் போட்டார். ஆத்தா என்பது ஒரு பெயரா என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப அவங்க பேரு என்னன்னு நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

அம்மாவுக்கும் தெரியவில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் அம்மன் கோயிலின் கதை உறவினர்கள் எல்லோருக்கும் தெரியும். பல தலைமுறைகளுக்கு முன் ஒரு பெண், கணவனை இழந்த பிறகு, திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் காட்டிலிருந்து கைக்குழந்தையோடு ஆற்றங்கரைக்கு வந்தார். பிறந்த ஊர்க் கோயிலிலிருந்து முந்தானையில் ஒரு பிடி மண் முடிந்து கொண்டுவந்து, இங்கே பீடம் எழுப்பினார். அவருக்கும் அம்மனுக்குப் பக்கத்திலேயே தனிப் பீடம் உண்டு. கோயில் கொடை விழா வந்தால் பட்டும் பொங்கலும் உண்டு. பெயர் மட்டும் கிடையாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கோயிலைப் புதுப்பித்தார்கள். வம்சாவளியைக் கல்வெட்டில் பொறிப்பது என்று ஏற்பாடு. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, கோயில் பொறுப்பில் இருக்கிறார். அவர் எழுதி வைத்திருந்த பட்டியல் அந்தக் கைக்குழந்தையின் பெயரில் தொடங்கியது. கீழே எல்லாம் ஆண்கள். அப்போது அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலும் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, மண் கொண்டுவந்தது யார், மடியில் கிடந்த பிள்ளையா என்று கேட்டார்.

பெரியப்பா சிரித்தார். "ஆத்தாவ சாமியா கும்பிடுதோம். அதுக்கு மேல என்ன மரியாத வேணும்?"

"கும்பிடுங்க அத்தான். பேரையும் எழுதுங்க."

"தெரிஞ்சா எழுதமாட்டனா? நீங்க கொண்டாங்க டீச்சரம்மா, முதல் வரியில போடுதேன். வெள்ளிக்கெழம கல்லுல கை வைக்கான். அதுக்குள்ள கொண்டாங்க."

அங்கிருந்தவர்களும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. வெளியே எங்கும் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு என்னைக் கிளப்பினார். திசையன்விளை வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். திரும்பிப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, வேண்டுமானால் நீ போ என்றார்.

மண் எடுத்த கோயில் பனைகளுக்கு நடுவே சின்னதாக இருந்தது. வயதான பூசாரி ஒருவர் வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக் கொண்டிருந்தார். ஏரல் பக்கத்திலிருந்து வருகிறோம், எங்கள் கோயில் இங்கிருந்து பிடிமண் கொண்டுபோனது என்று அம்மா சொன்னதும், அவர் பூவைக் கீழே வைத்துவிட்டார். கொடையில் சாமிக்குப் படைக்கும்போது இந்த ஊரில் ஓர் இலை கூடுதலாகப் போடுவார்களாம். மண்ணெடுத்துப் போனவள் எங்கிருந்தாலும் வந்து சாப்பிட வேண்டும் என்று பெயர் சொல்லி அழைப்பார்களாம். அவருடைய அப்பா காலத்திலும் அப்படித்தானாம்.

"என்ன பேரு சொல்லி கூப்பிடுவீங்க?" என்று அம்மா கேட்டார்.

"மூக்கம்மான்னுதான். வெறுமன 'ஏட்டி, வா'ன்னா எந்தப் பொம்பள வருவா, தாயி?"

மூக்கம்மாள் என்பது அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர். ஆச்சியும் இதே வம்சத்துப் பெண்ணுக்குப் பிறந்தவர், முறைப்பெண்ணாகத் திரும்ப இதே வீட்டுக்கு வந்தவர். தலைப்பெண்ணுக்கு மூத்தவர் பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பெயர் வழிவழியாக எங்கள் வீட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. ஸ்டைலான பெயர் வைத்ததால் நான் தப்பித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிறகு ஏன் தொலைந்தது? மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்குக் கோயில் கதை சொன்னவர்கள் எல்லாம் மருமகள்கள். முதல் மருமகளுக்கு அவரே மாமியார், பின்னால் வந்தவர்களில் பலருக்குக் கதையில் வரும் பெயரும் மாமியார் பெயரும் ஒன்று. அதனால் ஆத்தா, ஆத்தா என்றே சொல்லி வந்தார்கள். கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆத்தா மட்டும் மிஞ்சினார்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அவரும் மருமகள்தானே. ரேஷன் கடையிலும் வங்கியிலும் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் அப்பாவைத்தான் அனுப்புவார். ஊரார் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"நீ சொன்னா சின்னப்பிள்ள பேச்சுன்னு போயிரும். அவிய எங்கிட்டதான கேட்டாவ."

வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். கல்தச்சரும் வந்துவிட்டார். கிடைத்ததா என்று பெரியப்பா கேட்டார். அம்மா எழுந்து நின்றார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லைபோல, உட்காருங்கள் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்கம்மாள்" என்றார் அம்மா.

பெரியப்பாவின் முகம் மாறியது. "எங்கம்ம பேர எங்க முன்னால சொல்லுதீங்க."

"உங்கம்மைக்கு அந்தப் பேரு யாருட்ட இருந்து வந்துது அத்தான்? மண்ணெடுத்த கோயில்ல இன்னைக்கும் எலை போட்டு அவுகளக் கூப்பிடுதாவ. நாமதான் மறந்துட்டோம். மரியாத மரியாதன்னு இந்த வீட்டு மருமகளுவ முழுங்குன பேரு இது. நான் முழுங்கமாட்டேன்." மறுபடியும் ஒருமுறை, வகுப்பில் படிப்பதுபோல் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

பிறகு பெரியப்பா பட்டியலையும் பேனாவையும் நீட்டினார். "நீங்களே எழுதிக் குடுங்க. தப்பில்லாம கொத்தணும்லா."

கல் நட்டபோது அம்மா மருத்துவமனையில் இருந்தார். போனில் படம் காட்டினேன். முதல் வரியைத் தடவிப் பார்த்தார். மகிழ்ச்சியில் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ரெண்டாவது வரியில அந்தப் பிள்ள பேரு இருக்கு. அவனுக்கு வாக்கப்பட்டவ பேரு எங்கட்டி?" என்றார்.

அதன்பின் கிடைத்த நாட்களை எல்லாம் அதற்கே செலவிட்டார். பார்க்க வந்தவர்களிடம் நலம்கூட விசாரிக்காமல், உங்கள் அம்மாவின் அம்மா பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். கடைசி நான்கு நாள் எழுத முடியவில்லை. சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த ஆட்டோ அண்ணாச்சிக்கும், முறைபோட்டுச் சோறு கொண்டுவந்த அம்மாவின் மாணவிகளுக்கும், இந்த ஆண்டுக் கொடைக்கு எங்களை அழைத்து அந்த இலையில் உட்காரவைத்த செம்மண் ஊர்ப் பூசாரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அடுத்த பக்கத்தில் வம்சாவளி இருக்கிறது. ஒவ்வொரு ஆணின் பெயருக்கு அருகிலும் அவருக்கு வாழ்க்கைப்பட்டவர் பெயரும், பெண் மக்களின் பெயர்களும் உண்டு. தெரியாத இடங்களில் கோடு மட்டும் போட்டிருக்கிறோம். மலர் அச்சுக்குப் போகுமுன் பெரியப்பா வந்து, பெரியம்மாவின் பெயரைத் தன் கையால் எழுதினார். அந்தப் பெயரை அவர் வாயால் நாங்கள் கேட்டதே இல்லை. "இங்காரு", அதாவது இங்கே பார், என்றுதான் கூப்பிடுவார்.

மீதிக் கோடுகள் உங்களுடையவை. தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். தெரியாதவர்கள் பஸ் ஏறுங்கள்.